பழுதான சோலார் பனலிலிருந்து செங்கல், நுரைக்கண்ணாடி, சாணைப்பொடி: வன்னிப் பட்டறைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வன்னியில் மின்கம்பம் வருமுன் சோலார் வந்த ஊர்கள் பல. 2009-க்குப் பிறகு மீள்குடியேறிய வீடுகளின் கூரையில் ஏறியவை, யானை வேலிக்கு மின் கொடுத்தவை, தோட்டக் கிணற்றுப் பம்பை ஓட்டியவை என்று அந்தப் பனல்களுக்கு இப்போது ஒவ்வொன்றாக வயது போகிறது. பழைய இரும்பு வாங்க வருகிறவர் அலுமினியச் சட்டத்தைக் கழற்றிக்கொண்டு, வயரையும் வெட்டிக்கொண்டு, மிச்சத்தை நம் வளவிலேயே விட்டுப் போகிறார். அந்த மிச்சத்தை என்ன செய்யலாம் என்பதே இந்த வழிகாட்டி.

பனலில் மின் தரும் சிறு சிலிக்கன் தகடுதான் கலம். பழைய கலத்திலிருந்து புதிய கலம் செய்வது நமக்குச் சரிவராது. கலத்துக்கான சிலிக்கன் 99.9999 சதவீதத் தூய்மையாக இருக்கவேண்டும். மிகச் சிறிய கலப்பும் மின்னோட்டத்தைக் கெடுத்துவிடும். நாம் செய்யப்போவது செரமிக், அதாவது செங்கல், சாணைப்பொடி போலச் சூட்டில் உருவாகும் கடினப் பொருள். அது அவ்வளவு கண்டிப்பு இல்லாதது. கலத்தில் ஏற்றியிருக்கும் போரனும் பொசுபரசும் அதற்குக் கணக்கே இல்லை. கலத்துக்கு நீலநிறம் தரும் மெல்லிய பூச்சு சிலிக்கன் நைத்திரைட்டு. புதிய கலம் செய்கிறவருக்கு அது உரித்தெடுக்கவேண்டிய அழுக்கு. நமக்கு அதுவே ஒரு செரமிக். இன்னொரு லாபமும் உண்டு. மணலிலிருந்து ஒட்சிசனைப் பிரித்துச் சிலிக்கனாக்க ஏராளமான மின்சாரம் போகும். அந்தச் செலவை யாரோ எப்போதோ கொடுத்து முடித்துவிட்டார்கள்.

முதலில் கணக்கு

60 கலம் உள்ள 250 வாற் பனல் ஒன்று ஏறத்தாழ 18 கிலோ நிறுக்கும். அதில் 13 கிலோ கண்ணாடி. மிச்சத்தில் பெரும்பங்கு அலுமினியச் சட்டமும் பிளாஸ்ரிக்கும். சிலிக்கன் எவ்வளவு? 156 மி.மீ. சதுரமான கலம் ஒன்று கால் மில்லிமீற்றர்கூடத் தடிப்பில்லை. நிறை 10, 11 கிராம். ஆகவே முழுப் பனலுக்கும் 650 கிராம் அளவில்தான் வரும். வெள்ளி சில கிராம் மட்டுமே; பழைய கலங்களில் சற்றுக் கூடுதலாக இருக்கும்.

இந்த எண்களைப் பார்த்தால் எதில் தொடங்கவேண்டும் என்பது தெரிந்துவிடும். கண்ணாடிக்கு 900 பாகை செல்சியஸ் போதும். அது நம் செங்கற்சூளைகள் அன்றாடம் தொடும் சூடு. சிலிக்கனுக்கு 1,400 பாகையும், காற்றுப் புகாத உலையும் வேண்டும். ஊரில் செய்யக்கூடியதை ஊரில் செய்து, மற்றதை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோவதுதான் புத்தி.

எந்தப் பனல் உதவும்

உடைக்கும் முன் அது உண்மையில் செத்துவிட்டதா என்று பாருங்கள். நல்ல மத்தியான வெயிலில், எதையும் இணைக்காமல் மீற்றர் வைத்தால் 36 கலப் பனல் 21 வோல்ற் அளவிலும், 60 கலப் பனல் 36, 37 வோல்ற் அளவிலும் காட்டவேண்டும். 60 கலப் பனல் 24 வோல்ற் மட்டும் காட்டினால் மூன்றில் ஒரு பங்கு தூங்குகிறது என்று அர்த்தம். பெரும்பாலும் பின்பெட்டிக்குள் இருக்கும் டயோட் போயிருக்கும். அதை மாற்றிப் போட்டால் பனல் இன்னும் சில வருடம் உழைக்கும். உழைக்கிற பனலைச் செங்கல்லில் போடுவதைப் போன்ற வீண்வேலை வேறில்லை.

நீலத்தில் பளிங்குச் செதில் தெரிகிற பனலும், மூலை வெட்டிய கருங்கலம் உள்ள பனலும் நமக்கு ஏற்றவை. கல்குலேற்றரில் வருவதுபோன்ற மண்ணிறச் சிறு பனலில் கண்ணாடியில் பூசிய படலம் மட்டுமே இருக்கும். எடுக்கச் சிலிக்கன் தகடு கிடையாது. இரு பக்கமும் கண்ணாடியாக, கலக்கோடே தெரியாமல் ஒரே கறுப்பாக இருக்கும் பனலில் கட்மியம் என்ற நச்சு உலோகம் இருக்கலாம். அதை உடைக்காமல் அப்படியே ஒதுக்கி வையுங்கள். பின்பக்கத்து லேபலைப் படித்தால் எந்த வகை என்பது பெரும்பாலும் தெரியும்.

வீட்டுப் பனல் ஒன்றிரண்டு வேறு, ஊர் ஊராகச் சேர்த்துத் தொழிலாகச் செய்வது வேறு. இலங்கையில் இலத்திரனியற் கழிவு 2008-ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின் கீழ் வருகிறது. தொழிலாகச் செய்ய மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். முதலிலேயே போய் விசாரித்துவிடுங்கள்.

பிரித்தெடுத்தல்

வெளிச்சம் பட்டால் பனல் மின் தரும், பழுதானதும் தரும். அதனால் தறப்பாளை விரித்துக் கண்ணாடிப் பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்துப்போடுங்கள். வயர்களை ஒவ்வொன்றாக வெட்டுங்கள். இரண்டையும் ஒரே குறட்டில் பிடித்து வெட்டினால் பொறி பறக்கும். மூலைத் திருகுகளைக் கழற்றி, மரக்கட்டையை வைத்துத் தட்டினால் சட்டம் நகரும். கண்ணாடி வெப்பமேற்றி வலுவூட்டியது. ஓரத்தில் ஒரு அடி பட்டாலே முழுவதும் பொடிச் சில்லாக வெடித்துவிடும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கைக்குத் தடித்த கையுறையும் போடாமல் தொடவேண்டாம்.

அடுத்தது பின்தாள். இந்த வேலை முழுவதிலும் உயிருக்கு ஆபத்தான இடம் இதுதான். அந்த வெள்ளைத் தாள் பல பனல்களில் புளோரின் கலந்த பிளாஸ்ரிக். எரித்தால் ஐதரசன் புளோரைட்டு வாயு வரும். அது நுரையீரலையும் கண்ணையும் அரித்துவிடும். குப்பையோடு சேர்த்தோ, சூளை விறகோடு சேர்த்தோ எரிக்கவே கூடாது. சூடான காற்று ஊதும் கருவியால் மூலையொன்றை 150 பாகை அளவுக்குச் சூடாக்குங்கள். உள்ளே இருக்கும் பசை இளகியதும் தட்டையான சுரண்டியைச் செருகிக் கிளப்புங்கள். ஒருவர் சூடு காட்ட, மற்றவர் தாளைத் தரையோடு தரையாகப் பின்னோக்கி மெல்ல இழுக்கவேண்டும். மேல்நோக்கி வெடுக்கென்று இழுத்தால் கிழிந்துவிடும். வெயிலில் வருடக்கணக்காகக் காய்ந்த தாள் சுண்ணாம்புபோல் உதிரும். அதை ஈரத்துணி போட்டுச் சுரண்டலாம். எப்படியும் உரியாத பகுதியை வெட்டி ஒதுக்குங்கள், உலைக்குப் போடாதீர்கள்.

பசையை நீக்குதல்

இப்போது கையில் இருப்பது கண்ணாடி, பசை, கலம் மூன்றும் ஒட்டிய பாய். கையளவு துண்டுகளாக்கி மின்னுலையில் வையுங்கள். வீட்டை விட்டுத் தள்ளி, புகைபோக்கி உள்ள இடமாக இருக்கட்டும். 350 பாகை அளவில் பசையிலிருந்து அசற்றிக்கமிலம் வரும். வினாகிரி மணம் மூக்கில் அடிக்கும். பிறகு புகை. 500 பாகையில் ஒரு மணி நேரம் வைத்தால் மிச்சமும் எரிந்துபோகும். சூட்டை மெதுவாக, நிமிடத்துக்கு 5 பாகைக்கு மேல் போகாமல் ஏற்றுங்கள். வேகமாக ஏற்றினால் உள்ளே அடைபட்ட வாயு கலங்களை நொறுக்கிவிடும். உலைக் கதவைப் பாதியில் திறந்து பார்க்கவும் வேண்டாம். அடைபட்ட புகை காற்றுப் பட்டதும் பற்றிக்கொள்ளும்.

ஆறிய பிறகு எல்லாம் தனித்தனியாகக் கிடக்கும். கண்ணாடி தடித்த சில்லாக, கலம் தாள்போன்ற சாம்பல் நிறத் துண்டாக, செப்புப்பட்டி நாடாவாக. பட்டியில் பூசியிருப்பது ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசு. கையுறையோடு பொறுக்கி மூடியுள்ள போத்தலில் போட்டு வையுங்கள். சாப்பாட்டுக்கு முன் கை கழுவுவதை இங்கே யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

கண்ணாடியைக் களிமண்ணில் சேர்த்தல்

ஒட்டுசுட்டானில் ஓட்டுத் தொழிற்சாலை நடந்த நிலம் இது. களிமண்ணையும் சூளையையும் பற்றி இங்குள்ளவர்களுக்குப் பாடம் எடுக்க நான் வரவில்லை. கண்ணாடித்தூள் அந்தக் களிமண்ணில் என்ன செய்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன். பனல் கண்ணாடி 700 பாகைக்கு மேல் இளகத் தொடங்கும். இளகிய கண்ணாடி மண்துணிக்கைகளுக்கு இடையே ஓடி அவற்றைப் பிணைக்கும், துளைகளை அடைக்கும். அதனால் அதே சூட்டில் கல் இறுகும், தண்ணீர் குடிப்பது குறையும்.

தூள் நைசாக இருப்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. பருமனான சில்லு கல்லுக்குள் தனியாக உருகி ஓட்டை போடும். பழைய பீப்பாவைக் கிடையாகச் சுழலவிட்டு, உள்ளே கூழாங்கல்லும் தண்ணீரும் கண்ணாடியும் போட்டு அரைக்கலாம். தண்ணீரோடு அரைத்தால் தூசி எழும்பாது. அரைத்ததை 25 செ.மீ. ஆழத் தண்ணீர் உள்ள வாளியில் நன்றாகக் கலக்கி, முக்கால் நிமிடம் பொறுத்து, கலங்கல் தண்ணீரை வேறு வாளிக்கு ஊற்றுங்கள். அதில் மிதந்து போவது 75 மைக்கிரோனுக்கும் சிறிய தூள் (ஆயிரம் மைக்கிரோன் ஒரு மில்லிமீற்றர்). அடியில் தங்கியது திரும்பவும் பீப்பாவுக்குப் போகட்டும்.

உலர்ந்த களிமண்ணின் நிறையில் 5, 8, 10 சதவீதம் என்று மூன்று கலவை செய்து, தூள் சேர்க்காத கல்லையும் சேர்த்து ஒவ்வொன்றிலும் ஐந்தாறு சோதனைக் கல் அறுங்கள். சூளையின் நடு அடுக்கில் வையுங்கள். எரிவாய்க்குப் பக்கத்தில் வைத்தால் கண்ணாடி சேர்ந்த கல் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வெந்து ஆறியதும் உலர்ந்த கல்லை நிறுங்கள். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவிட்டுத் துடைத்து மறுபடி நிறுங்கள். கூடிய நிறையை உலர்ந்த நிறையால் வகுத்து நூறால் பெருக்கினால் கல் குடித்த தண்ணீரின் சதவீதம் வரும். தூள் சேர்க்காத கல்லைவிட எந்தக் கலவை குறைவாகக் குடித்தது, எது வளையாமல் நின்றது என்று பார்த்து உங்கள் மண்ணுக்கான அளவைத் தீர்மானியுங்கள். குளத்துக்குக் குளம் மண் மாறும். என் அளவு உங்களுக்குப் பொருந்தவேண்டும் என்றில்லை. 8 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஒரு பனலின் கண்ணாடி 160 கிலோ உலர்ந்த களிமண்ணுக்குப் போதும்.

இந்தக் கலவையில் மதிற்கல், தரையோடு, பூச்சாடி செய்யலாம். தண்ணீர்ப்பானை, சட்டி செய்யக்கூடாது. சில பனல் கண்ணாடிகளில் அந்திமனி என்ற நச்சுப் பொருள் சேர்த்திருப்பார்கள். ஈயத் துணுக்கும் ஒட்டியிருக்கலாம். வாய்க்குப் போகும் எதற்கும் இது ஆகாது.

நுரைக்கண்ணாடி

முல்லைத்தீவுக் கரையில் சிப்பிக்கும் சங்குக்கும் குறைவில்லை. அவை கல்சியம் காபனேற்று. கழுவிக் காயவைத்து நைசாக இடித்து, நூறு பங்கு கண்ணாடித்தூளுக்கு இரண்டு மூன்று பங்கு கலவுங்கள். மண் அச்சின் உட்புறத்தில் சுண்ணாம்புக் குழம்பு பூசிக் காயவிட்டு, பாதியளவு மட்டும் நிரப்புங்கள். 800 முதல் 850 பாகையில் கண்ணாடி தேன் பதத்தில் இருக்கும்போது சிப்பியிலிருந்து காபனீரொட்சைட்டு வெளிவந்து அதை ஊதிப் பெருக்கும். அரை மணி நேரம் போதும். கூட வைத்தால் குமிழிகள் ஒன்றுசேர்ந்து உடைந்து அமிழும். பிறகு 550 பாகை வரை இறக்கி, அங்கிருந்து இராமுழுக்க மூடிய உலைக்குள் ஆறவிடுங்கள். அவசரப்பட்டால் விரிசல் விழும். கிடைப்பது வாளால் அறுக்கக்கூடிய இலேசான கட்டி. தகரக் கூரைக்குக் கீழே வெக்கையைத் தடுக்கவும், போறணை, அடுப்புகளின் வெளிச்சுவருக்கும் நல்லது.

கலத்தைச் சுத்தமாக்குதல்

இனிக் கலம். பின்பக்கம் முழுக்க அலுமினியப் பசை, முன்பக்கம் வெள்ளிக் கோடுகள். அலுமினியத்தை விட்டுவைத்தால் உலையில் அது காபைட்டாகி, பிறகு காற்றின் ஈரத்திலேயே பொருமி உதிரும். அதனால் முதலில் அதை நீக்கவேண்டும்.

நீக்குவது எரிசோடா (கோஸ்ரிக் சோடா). ஆனையிறவு உப்பிலிருந்து எரிசோடா செய்த பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை இருந்த காலத்தில் இது நம் வீட்டு வாசலில் செய்த சாமான். இப்போது கடையில் வாங்கவேண்டும். பிளாஸ்ரிக் வாளியில் தண்ணீரை முதலில் எடுத்து, அதில் எரிசோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு 5 சதவீதக் கரைசல் செய்யுங்கள். எரிசோடாவின்மேல் தண்ணீர் ஊற்றக்கூடாது. அலுமினியச் சட்டி கிட்டவும் வரக்கூடாது. செப்புப்பட்டி ஒன்றும் இல்லாத கலத்துண்டுகளை ஆறிய கரைசலில் போட்டதும் பின்பக்கத்திலிருந்து சாம்பல் நிற நுரை பொங்கும். அது ஐதரசன். ஒரு கிராம் அலுமினியத்துக்கு ஒன்றேகால் லீற்றர் அளவு வரும். திறந்த வெளியில், நெருப்பும் சிகரெட்டும் இல்லாத இடத்தில் செய்யவேண்டும். கொஞ்ச நேரத்தில் பொங்கல் அடங்கி, துண்டின் ஓரத்தில் ஊசிமுனைக் குமிழிகள் மட்டும் நூல்போல் மேலேறும். அலுமினியம் தீர்ந்து எரிசோடா சிலிக்கனையே தின்னத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். உடனே எடுத்து நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். மிஞ்சிய கரைசலைக் கிணற்றடியில் ஊற்றாமல், வினாகிரி சேர்த்து நடுநிலையாக்கி, அடையும் வெள்ளைச் சேற்றைத் தனியே காயவைத்துப் பத்திரப்படுத்துங்கள்.

வெள்ளியையும் ஈயத்தையும் நீக்க ஐதான நைத்திரிக்கமிலம் வேண்டும். அதிலிருந்து வரும் மண்ணிறப் புகை நஞ்சு. இதைப் பட்டறையில் செய்யாதீர்கள்; புகை இழுக்கும் அறை உள்ள ஆய்வுகூடத்தில் மட்டும் செய்யலாம். கரைந்த வெள்ளியை உப்புக் கரைசல் விட்டு வெள்ளைப் படிவாகத் திரும்பப் பெறலாம், ஆய்வுகூடத்துக்கும் ஏதோ கிடைக்கும். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும், பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. சுத்தம் செய்த கலத்தையும் இந்த வழிமுறையையும் கொண்டுபோய்க் கேளுங்கள். இறுதியாண்டு மாணவருக்கு ஒரு செயற்றிட்டம் கிடைத்ததாகவும் இருக்கும்.

சிலிக்கன் காபைட்டு

சாணைப்பொடி என்று தலைப்பில் சொன்னது இதைத்தான். சிலிக்கனும் காபனும் ஒன்றுக்கு ஒன்று என்ற அணுக்கணக்கில் சேர்ந்தால் சிலிக்கன் காபைட்டு. நிறைக் கணக்கில் 100 கிராம் சிலிக்கனுக்கு 43 கிராம் காபன். அமெரிக்கர் எட்வேர்ட் அச்சசன் 1890-களில் மணலையும் கரியையும் மின்னுலையில் வைத்து 2,000 பாகைக்கு மேல் சூடாக்கி இதைச் செய்தார். கார்போரண்டம் என்று பெயர் வைத்தார். நாம் தொடங்குவது மணலில் அல்லாமல் சிலிக்கனில் என்பதால் 1,400 பாகைப் பக்கத்திலேயே காரியம் ஆகிவிடும்.

காபனுக்குச் சிரட்டைக்கரி நல்லது, சாம்பல் குறைவு. உமிக்கரி இங்கே மலிவுதான். ஆனால் உமியின் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. அதைக் காபைட்டாக்க இன்னும் கரியும் இன்னும் சூடும் கேட்கும். கலத்தையும் கரியையும் தனித்தனியே மா பதத்துக்கு அரையுங்கள். நைசான சிலிக்கன் தூள் காற்றில் பறந்தால் தீப்பற்றும். தண்ணீரோடு அரைத்தால் மெல்ல ஐதரசன் விடும். அரைத்த ஈரச் சிலிக்கனை மூடியிறுக்கிய போத்தலில் வைத்தால் போத்தல் வெடிக்கும். ஆகவே சிறிய அளவாக அரைத்து, திறந்த தட்டில் உடனே உலர்த்துங்கள். கரியில் கொஞ்சம் சாம்பல் இருப்பதால் 43-க்குப் பதில் 45 கிராம் எடுத்து, கஞ்சி விட்டுப் பிசைந்து வில்லைகளாக அழுத்திக் காயவையுங்கள்.

பிறகு ஆய்வுகூடத்தின் குழாய் உலையில், காற்றை விலக்க ஆகன் வாயுவை ஓடவிட்டு, 1,350 முதல் 1,450 பாகையில் மூன்று மணி நேரம். சிலிக்கன் 1,414 பாகையில் உருகும். உருகியது கரித்துளைகளுக்குள் இழுபட்டுப் போகும். வெளியே வரும்போது வில்லை கருமையான பச்சைச் சாம்பல் நிறத்தில் இருக்கும். அதை 700 பாகையில் திறந்த காற்றில் சூடாக்கினால் மிஞ்சிய கரி எரிந்துபோகும், காபைட்டுக்கு ஒன்றும் ஆகாது. பிறகு ஒரு சிட்டிகையைச் சூடான எரிசோடாக் கரைசலில் போடுங்கள். குமிழி வந்தால் மாறாத சிலிக்கன் இன்னும் இருக்கிறது, வராவிட்டால் சரி. கண்ணாடியில் கீறிப் பார்ப்பது சோதனையாகாது, சிலிக்கனே கண்ணாடியைக் கீறும். வெள்ளைப் படிகக்கல்லில் தேய்த்துப் பாருங்கள்; காபைட்டு அதில் கோடு விழுத்தும்.

ஆகனுக்குப் பதில் நைதரசனை ஓடவிட்டு, கரி சேர்க்காமல் செய்தால் சிலிக்கன் நைத்திரைட்டு. 1,200 பாகையிலிருந்து 1,400 வரை மெதுவாக ஏற்றவேண்டும், ஒரு நாளுக்கு மேலும் போகலாம். தாக்கமே வெப்பத்தை வெளிவிடும். அவசரப்பட்டால் சிலிக்கன் உருகி வழியும். இதில் எனக்குப் பிடித்தது, கனவளவு 22 சதவீதம் கூடினாலும் கூடியது துளைகளுக்குள்ளேயே அடங்கிவிடும் என்பதுதான். அழுத்திய உருவம் சுருங்காமல் அப்படியே வரும். உருகிய அலுமினியம் இதில் ஒட்டாது, அதனால் அலுமினியம் வார்ப்பவர்களின் சிறு உபகரணங்களுக்கு ஏற்றது. வாயுச் சிலிண்டர் எதுவானாலும் அறைக்குக் காற்றோட்டம் இருக்கட்டும். நைதரசனும் ஆகனும் மணமில்லாமல் மூச்சை அடைக்கும்.

பொடியைப் பயன்படுத்துதல்

காபைட்டை இடித்து, கண்ணாடிக்குச் செய்த அதே வாளி முறையில் தரம் பிரிக்கலாம். 25 செ.மீ. தண்ணீரில் இரண்டு நிமிடம் பொறுத்து ஊற்றினால் 40 மைக்கிரோனுக்குக் கீழானது வரும். ஏழு நிமிடம் பொறுத்தால் 20-க்குக் கீழானது. இந்த நைசுப் பொடியில் ஒன்றிரண்டு சதவீதத்தைச் சிப்பித்தூளுக்குப் பதில் நுரைக்கண்ணாடியில் சேர்க்கலாம். அப்போது 900 பாகைக்கு மேல் ஏற்றவேண்டும், குமிழிகள் சிறியனவாக ஒழுங்காக வரும்.

ஆனால் ஒரு பனலிலிருந்து கணக்குப்படி 900 கிராமும் கைக்கு அதைவிடக் குறைவாகவும் வரும் பொடியை, பட்டறைகளுக்குக் கொடுப்பதே மேல். லாண்ட்மாஸ்டர், தண்ணீர்ப் பம்பு எஞ்சின்களின் வால்வைத் தேய்க்கக் கடையில் வாங்கும் பேஸ்ட் பெரும்பாலும் இதே காபைட்டும் கிறீஸும்தான். இரண்டு பங்கு பொடிக்கு ஒரு பங்கு கிறீஸ் கலந்து, வால்வின் விளிம்பில் மெல்லியதாகத் தடவி, இருக்கையில் வைத்து இடமும் வலமுமாகச் சுழற்றுங்கள். விளிம்பு முழுக்க ஒரே அகலத்தில் மங்கலான சாம்பல் வளையம் விழும்வரை தேய்த்தால் போதும். பிறகு மண்ணெண்ணெயில் இரண்டு மூன்று முறை கழுவித் துடையுங்கள். துளி பொடி சிலிண்டருக்குள் போனாலும் பிஸ்டன் வளையத்தை அது தின்றுவிடும்.